மா என்னும் ஓரெழுத்து: சேலம் மண்ணிலும் பிற மொழிகளிலும்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஓரெழுத்தால் ஆன சொல்: மா. தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்கிட்டார் நன்னூலார். மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. அந்த ஆறில் மூத்த பிள்ளை இது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் திறந்து பாருங்கள். மாமரம், விலங்கு, குதிரை, யானை, பெருமை, கருமை, திருமகள், அரைத்த மாவு, ஒரு நில அளவு, இருபதில் ஒரு பங்கு என்று இந்த ஓரெழுத்தின் பொருள்கள் வரிசையாக நீள்கின்றன. தமிழை விட்டு வெளியே போனால் இதே ஒலி இன்னும் எத்தனையோ மொழிகளில் எத்தனையோ பொருளில் வழங்குகிறது.

இந்தச் சொல்லைச் சேலத்தில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. அகராதியில் வரிசையாகக் கிடக்கும் பொருள்களில் பெரும்பாலானவை இந்தச் சமவெளியில் தொழிலாக, பண்டமாக, திருவிழாவாக இன்றும் கண்முன் நடமாடுகின்றன. ஒரு சொல்லின் பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பது அதைச் சொல்லிப் பிழைக்கிற மக்களின் வேலை என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து. வேலை இருக்கும்வரை பொருள் நிற்கும். வேலை போனால் பொருள் அகராதிக்குள் போய்விடும். மொழியைக் காப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்தப் பேச்சை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மரமும் மாவும்

முதலில் மரம். சித்திரை பிறந்துவிட்டால் சேலம் கடைவீதியில் மல்கோவா, இமாம்பசந்த், பெங்களூரா, குண்டு, செந்தூரா என்று பழங்கள் கூடை கூடையாக இறங்கும். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு மா என்பது ஆண்டு வருமானம். தை மாதத்தில் பூ எப்படிப் பிடித்திருக்கிறது, பிஞ்சு எவ்வளவு நிற்கும் என்று பார்த்துத்தான் குத்தகை பேசுவார்கள். சேலத்துக்கு மாங்கனி நகரம் என்று பெயர் வந்தது இவர்களால்.

அடுத்தது மாவு. இந்தச் சொல்லின் பழைய வடிவம் மா. ஈழத் தமிழர் இன்றைக்கும் அரிசிமா, கோதுமைமா, ஒடியல்மா என்றே சொல்கிறார்கள். நாம் உகரம் சேர்த்து மாவு என்கிறோம். ஆனால் மாக்கோலம், மாவிளக்கு என்று கூட்டுச் சொல்லாக வரும்போது நம் நாவிலும் பழைய மாவே வந்து நிற்கிறது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மாவு என்றதும் நினைவுக்கு வருவது மரவள்ளிக்கிழங்கு மாவு. இரண்டாம் உலகப் போரில் கிழக்கு நாடுகளிலிருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் வருவது நின்றுபோனது. அந்த நெருக்கடியில், 1943 அளவில், சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். 1981-இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் உருவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைக்குள் போய் நின்றால் கிழங்கு எப்படி மாவாகிறது என்று பார்க்கலாம். கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, சலித்துப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பால் தொட்டியில் தெளிகிறது. அடியில் படிவது ஈரமாவு. அதைக் குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. பிழிந்து எஞ்சிய சக்கைக்குத் திப்பி என்று பெயர். பால், ஈரமாவு, திப்பி என்ற மூன்று சொற்களில் ஒரு தொழிலின் முழுக் கதையும் அடங்கிவிடுகிறது.

இதே மா கல்லுக்குள்ளும் போயிருக்கிறது. குழம்பு வைக்கும் கல்சட்டி எந்தக் கல்லில் கடையப்படுகிறது? மாக்கல்லில். தேய்த்தால் மாவாக உதிர்கிற மென்மையான கல் என்பதால் அந்தப் பெயர். சேலம் வட்டாரத்துக் கல்சட்டிக்குத் தமிழ்நாடு முழுவதும் அடுப்படிகளில் மதிப்பு உண்டு. மாக்கல்லைக் கையால் தடவிப் பார்த்தவருக்கு அந்தப் பெயரை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா. வாசலில் மாவிலைத் தோரணம், கையில் மாவிளக்கு. முன்னதில் இருப்பது மரம். பின்னதில் இருப்பது அரிசிமாவு. ஒரே வீட்டில், ஒரே நாளில் இரண்டு மாக்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. எந்தப் பெண்ணும் குழம்பிப்போனதில்லை.

விலங்கு என்ற பொருளுக்கும் இந்த மண்ணில் இடம் உண்டு. கிழக்கே நிற்கும் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனை வென்ற மலையமான் காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர். சிறுபாணாற்றுப்படை இரண்டையும் சொல்கிறது. சங்கப் பாடல்களில் மா என்றால் பல இடங்களில் போருக்குப் போகும் குதிரைதான். தொல்காப்பிய மரபியல் விலங்குகளை மா என்றும், ஆறாவது அறிவைப் பயன்படுத்தாத மனிதரை மாக்கள் என்றும் சேர்த்து ஐயறிவுக்குள் அடக்கியது. இன்று மேச்சேரி ஆட்டைச் சந்தையில் விலை பேசும் யாரும் அதை மா என்று சொல்வதில்லை. குதிரைப் படை போனது. அந்தப் பொருளும் பேச்சிலிருந்து போய்விட்டது.

பொருத்தில் பிரியும் பொருள்

ஒரே ஒலிக்கு இத்தனை பொருள் இருந்தால் கேட்பவர் எப்படிப் பிரித்தறிவார் என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். அருமையான கேள்வி. அதற்குத் தமிழ் கண்டுபிடித்த விடை, சொல்லும் சொல்லும் சேரும் பொருத்தில் இருக்கிறது.

மரத்தைக் குறிக்கும் மாவுக்குப் பின்னால் வல்லினம் வந்தால் இடையில் மெல்லினம் தோன்றும்: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு. அரைத்த மாவைக் குறித்தால் வல்லினமே இரட்டிக்கும்: மாக்கோலம், மாக்கல், மாப்பண்டம். பெரிய என்ற பொருளில் வந்தால் எதுவும் தோன்றாமல் இயல்பாக நிற்கும்: மாகடல், மாபெரும். மெல்லினம் வந்தால் மரம். வல்லினம் இரட்டித்தால் மாவு. ஒன்றும் வராவிட்டால் பெருமை. மாமரத்துக்கு வரும் மெல்லெழுத்தைத் தொல்காப்பியர் உயிர்மயங்கியலில் தனியாக எடுத்துச் சொன்னார். சந்தி இலக்கணத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் பாடமாகவே நம் பள்ளிகள் நடத்திவருகின்றன. பொருளைப் பிரித்துக் காட்டுகிற கருவி அது என்று ஒரு முறை உணர்ந்துவிட்டால், எந்த மாணவரும் அதை மறக்க மாட்டார்.

சீன மொழி இதே சிக்கலைச் சுரத்தால் தீர்த்துக்கொண்டது. மட்டமாக நீட்டிச் சொன்னால் மா என்பது தாய். ஏற்றிச் சொன்னால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுவது. சுரம் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் அது கேள்வி. வியட்நாமிய மொழியில் சுரம் மாற மாற மா என்பது பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆறு விதமாகப் பொருள் தரும். நாற்றுக்கும் கல்லறைக்கும் இடையில் தொண்டையின் ஒரு சிறு அசைவுதான் வேறுபாடு. நமக்குப் பொருத்து எதைச் செய்கிறதோ, அவர்களுக்குச் சுரம் அதைச் செய்கிறது.

அண்டை வீட்டு மா

சேலம் ஒரு மொழி மட்டும் பேசும் ஊர் அன்று. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் உருதும் இங்கே தெருவுக்குத் தெரு கேட்கும். தெலுங்கு பேசும் வீட்டில் மா என்றால் எங்கள் என்று பொருள். 'மா ஊரு' என்றால் எங்கள் ஊர். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு நம் ஊர் என்று சொல்ல வேண்டுமானால் 'மன ஊரு' என்பார்கள். தமிழில் எங்கள், நம் என்ற வேறுபாடு இருப்பதுபோலவே அங்கும் இருக்கிறது. கன்னடத்தில் மாமரம் மாவு. மலையாளத்தில் மாமரமும் மாவு, அரைத்த மாவும் மாவு. தெலுங்கில் மாமரம் மாமிடி. மாமரத்தைக் குறிக்கும் இவை ஒரே குடும்பத்துச் சொற்கள். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒன்றாக வைத்துக் காட்டுகிறது.

உருது பேசும் வீட்டில் மா என்றால் அம்மா. ஒலி சற்று மூக்கில் முடியும். வடமொழியில் மா என்றால் வேண்டாம், செய்யாதே. வால்மீகி வேடனைப் பார்த்து முதன்முதலாகச் சொன்னதாக மரபு போற்றும் சுலோகம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அதே வடமொழியில் மா என்பது திருமகளுக்கும் பெயர். மாதவன் என்றால் அவளுடைய கணவன். நாமக்கல் கோயிலில் நாமகிரித் தாயாராக வணங்கப்படுபவள் அந்தத் திருமகள். கணித மேதை இராமானுசனின் குடும்ப தெய்வம் அவள். தடுக்கும் சொல்லும் தெய்வத்தின் பெயரும் ஒரே ஒலியில் குடியிருக்கின்றன.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நாமக்கல் லாரிகளும் இந்தியாவின் எந்த மூலைக்கும் போகின்றன. அவற்றில் வேலை செய்யும் பிள்ளைகள் பள்ளியில் படித்தறியாத மொழிகளை வேலையின் போக்கில் கற்றுக்கொள்கிறார்கள். அனந்தபூரில் மா என்றால் எங்கள், நாக்பூரில் மா என்றால் அம்மா என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பல மொழி அறிந்தவர்கள் என்ற பட்டியலில் இந்தத் தொழிலாளர்களை நாம் சேர்ப்பதே இல்லை. சேர்க்க வேண்டும்.

கடல் கடந்த மாங்காய்

சொல் எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்கு மாங்காயைவிட நல்ல சான்று இல்லை. தமிழின் மாங்காய், மலையாளத்தின் மாங்ங. 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்ச்சுக்கீசியர் அதை மாங்கா என்று எடுத்துப்போனார்கள். ஆங்கிலத்தில் அது மேங்கோ ஆனது; பிரெஞ்சில் மாங்க் ஆனது. கிழக்கே மலாய் மொழியில் மங்கா, சீனத்தில் மாங்குவோ. இந்தி ஆம் என்று சொல்லும் கனியை உலகம் நம் ஓரெழுத்தை வைத்து அழைக்கிறது.

போர்ச்சுக்கீசியர் இந்தக் கனியைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளிக்கிழங்கைக் கேரளக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மாங்காய் மேற்கே போனது. அதே வழியில் வந்த கிழங்கு காலப்போக்கில் சேலத்து மாவாக ஆனது. சேலத்தின் இரண்டு மாக்களும் ஒரே கடல் வழியின் இரு திசைகள். இந்த வழியைப் பழத்தாலும் கிழங்காலும் எழுத்துச் சான்றாலும் காட்ட முடியும். சொல்லோடு பொருளும் சேர்ந்து போனால் அது கடன் சொல் என்று துணிந்து சொல்லலாம்.

ஒலி ஒத்தால் உறவு ஆகுமா?

இந்த இடத்தில் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ள வேண்டும். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். இந்தச் சேலத்து மண்ணில் பிறந்த பெருஞ்சித்திரனார் அவரிடம் பயின்ற மாணவர். 1940-இலேயே ஒப்பியன் மொழிநூலை வெளியிட்ட பாவாணர், சொல்லின் வேரைத் தேடுவதையே வாழ்க்கையாகக் கொண்டார். வறுமையிலும் அந்த வேலையை விடாதவர். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகி, 1981-இல் மறையும்வரை அதற்காக உழைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் உண்டு, அதைத் தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கையை நமக்குத் தந்தவர் அவர். அந்த நன்றியோடு சொல்கிறேன்: வேர் தேடுவதில் நாம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

தமிழில் மா குதிரை, சீனத்திலும் மா குதிரை. இரண்டும் ஒன்றுதானே என்று மனம் துள்ளும். ஆனால் சீன மொழியின் பழைய வடிவங்களை மீட்டெடுத்த அறிஞர்கள், பழஞ்சீனத்தில் அந்தச் சொல் மகரத்தோடு ரகரமும் சேர்ந்து ஒலித்தது என்கிறார்கள். பின்னோக்கிப் போகப் போக அது நம் மாவை விட்டு விலகுகிறது. உண்மையான உறவுச் சொற்கள் பின்னோக்கிப் போகப் போக நெருங்கி வர வேண்டும். அதோடு, உறவு ஒரு சொல்லில் மட்டும் நிற்காது. பல சொற்களில் ஒரே ஒழுங்கில் ஒலிகள் பொருந்தி வர வேண்டும். 1816-இல் எல்லிசும் 1856-இல் கால்டுவெல்லும் தென்னிந்திய மொழிகளைத் தனிக் குடும்பம் என்று நிறுவியது தனிச் சொற்களின் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி அன்று. வேர்ச்சொற்களையும் இலக்கண அமைப்பையும் வரிசையாக ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

தாய் என்ற பொருள் பல மொழிகளில் மகரத்தோடு வருவதற்கு வேறு காரணம் உண்டு. பால் குடிக்கும் குழந்தை வாய் மூடியிருக்கும்போது மூக்கு வழியே முனகும் ஒலியே மகரம்; அந்த முனகலைத் தாய் தன் பெயராக ஏற்றுக்கொள்கிறாள். மொழியியலாளர் ரோமன் யாக்கொப்சன் 1960-இல் வெளியான கட்டுரை ஒன்றில் இதை விளக்கினார். அந்த முனகலை யார் தம் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா. நமக்கு மாமா என்றால் அம்மாவின் உடன்பிறந்தவர்.

இத்தாலிய மொழியில் மா என்றால் ஆனால். அரபியில் மா என்றால் என்ன. சற்றே மாற்றி முடித்தால் தண்ணீர். கொரிய மொழியில் மா ஒரு வகைக் கிழங்கு. கிழங்கு விளையும் சேலத்துக்காரருக்கு இதைக் கேட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். மகிழலாம், உறவு கொண்டாட மட்டும் சான்று வேண்டும். மனித வாய் எழுப்பக்கூடிய ஒலிகள் கொஞ்சம். சொல்ல வேண்டிய பொருள்களோ ஏராளம். குறுஞ்சொற்கள் உலகமெங்கும் இப்படி எதிரெதிரே வந்து முட்டிக்கொள்வது இயற்கை. பிற மொழிக்காரர் தம் மாவைத் தம் வயலிலிருந்தும் வீட்டிலிருந்தும் எடுத்தார்கள் என்று ஏற்றுக்கொள்வது தமிழுக்குக் குறைவாகாது.

போன பொருளும் வந்த பொருளும்

நம் மாக்களில் ஒன்று நம் கண்முன்னே போய்விட்டது. இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர். எண்பதில் ஒரு பங்கு காணி. இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒரு பங்கு. அதனால் அதற்கு மாகாணி என்று பெயர். இருபது மா நிலம் ஒரு வேலி. சோழர் கல்வெட்டுகள் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று நுணுக்கி நுணுக்கி அளந்தன. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இவற்றை வாய்ப்பாடாகச் சொன்னார்கள். காளமேகப் புலவர் ஒரு வெண்பா முழுவதையும் பின்னங்களின் பெயராலேயே கட்டி, காஞ்சியில் ஒரு மாவின் கீழ் இருக்கும் ஏகம்பனை வணங்கச் சொன்னார். அந்த ஒரு மா, கேட்டவர் காதில் மாமரமாகவும் இருபதில் ஒன்றாகவும் சேர்ந்தே ஒலித்தது. இன்று அந்தப் பாட்டுக்குப் பாதி இன்பம்தான் நமக்குக் கிடைக்கிறது. மறுபாதிக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

1956-இல் அளவைச் சட்டம் வந்தது. 1957-இல் தசம நாணயம் வந்தது. நாட்டுக்கு அது தேவையான மாற்றம். ஆனால் பின்னத்தின் பெயரைச் சொல்லி நடந்த வேலை நின்றதும், கொங்குச் சமவெளியில் அந்தப் பொருளும் நின்றது. 2019-இல் யூனிகோடு தன் 12-ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு இடம் கொடுத்தது. குறி கணினியில் ஏறிவிட்டது. அதைச் சொல்லும் வாய் குறைந்துவிட்டது.

அந்தப் பொருள் போன இருபதாம் நூற்றாண்டிலேயே இன்னொரு பொருளுக்குப் புது வாழ்வு வந்தது. பெரிய என்ற பழம்பொருளை ஆட்சித் தமிழ் கையில் எடுத்தது. ஜில்லாவுக்கு மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். வட்டம் தாலுகா, வட்டங்கள் பல சேர்ந்தது மாவட்டம். அதுபோலவே மாநிலம், மாநகராட்சி. 1994-இல் சேலம் மாநகராட்சி ஆனது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. 2024-இல் நாமக்கல்லும் மாநகராட்சி ஆனது. இன்று நாம் எழுதும் ஒவ்வொரு முகவரியிலும் தொல்காப்பியர் அறிந்த மா இருக்கிறது. சங்க காலத்துச் சொல்லை விண்ணப்பப் படிவத்தில் புழங்க வைத்தவர்கள் தமிழை ஆட்சிமொழியாக்கப் பாடுபட்டவர்கள். வேலை கொடுத்தால் சொல் பிழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எதுவும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக வெளியிட்டார். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார். தனிமனிதர்கள் தோளில் சுமந்த வேலை இது. இனி அதைக் கல்லூரிகள் ஏற்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் சேகோ ஆலைக்காரர், தோப்புக்காரர், தறிக்காரர், ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி நூலகத்துக்குப் போகும் முன் உங்கள் வீட்டுத் தொழிலின் சொற்களை எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் எந்த வேலையில் வருகிறது, எந்தக் கருவியோடு வருகிறது, ஆண் சொல்கிறாரா பெண் சொல்கிறாரா, பக்கத்து வீட்டுத் தெலுங்கிலும் சௌராட்டிரத்திலும் அதற்கு என்ன சொல் என்று சேர்த்து எழுதுங்கள். கிழங்கு அரைக்கும் இடத்தில் இயந்திரம் மாறும்போது பழைய சொல் ஒன்று விடைபெறும். அந்த ஆண்டே அது ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். அப்படிச் சேரும் தொகுப்பைத் தமிழ்த் துறை ஆண்டுதோறும் அச்சிட வேண்டும். சொல் தந்த தொழிலாளர்களை மேடைக்கு அழைத்து முதல் படியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். மொழியைப் பெற்றவர்கள் அவர்கள். அறிஞர்கள் அதைப் படிப்பவர்கள்.